பச்சைக்கு ஒரு இருமல்

திருச்சி பெரிய கடைவீதியில வளையல் கடை வச்சிருக்கிற அப்துல் மாலிக்னா அது நான்தான். பதினேழு வருஷமா வளையல் விக்கிறேன். கலரைப் பத்தி என்கிட்ட வந்து பேச இந்த ஊர்ல ஒருத்தருக்கும் யோக்கியதை கிடையாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அதையும் மீறி யாராவது பேசினா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

இந்த வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி நாலுல, என் வீட்டுக்காரி ஜீனத் பிரசவத்துக்காக மணப்பாறையில இருக்கிற அவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. எங்களுக்கு வீடும் கடையும் ஒண்ணுதான். திரைக்கு இந்தப் பக்கம் நான் பேசுவேன், அந்தப் பக்கத்துலேர்ந்து அவ வளையலை எடுத்து நீட்டுவா. தப்பித்தவறி நானே எதையாவது எடுத்துட்டா, ஒரு வார்த்தை பேசாம அதை வாங்கி வச்சிட்டு வேறொண்ணைக் குடுப்பா. புருஷன் எடுத்தது எந்தப் பொம்பளைக்குப் புடிச்சிருக்குன்னு நானும் விட்டுடுவேன்.

அவ போன மறுநாள்லேர்ந்து ஊர்ப் பொம்பளைங்க கண்ணுக்கு என்னமோ கோளாறு வந்துடுச்சு. ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒரு ஐயங்கார் மாமி, மகள் வளைகாப்புக்கு வளையல் வாங்க வந்தாங்க. நல்ல பச்சையா நாலு டஜன் எடுத்துக் குடுத்தேன்.

"பெருமாளே! பச்சை வளை கேட்டா சிவப்பை எடுத்து நீட்டறீரே, பாய்! கண்ணைத் திறந்துண்டு பாரும்"னாங்க.

"மாமி, நீங்க கேட்டது பச்சை, நான் குடுத்ததும் பச்சை. வேணும்னா வாங்குங்க, இல்லாட்டி நடையைக் கட்டுங்க"ன்னு சத்தம் போட்டேன். கூட வந்த மகளும் வேலைக்காரியும் மாமி கட்சி. மூணு பேருக்கும் ஒரே கோளாறு, என்னத்தைச் சொல்ல! அந்த மாசத்துல இப்படிப் பதினோரு பேர். காவேரித் தண்ணியில ஏதோ கலந்திருக்குன்னு நான் பக்கத்துக் கடைக்காரர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்.

இந்தக் கூத்துக்கு நடுவுலதான் என் தம்பி ஜமாலோட பரீட்சை வந்துச்சு. அத்தா கண்ணை மூடி மவுத்தானப்ப அவனுக்கு ஏழு வயசு. சோறு ஊட்டினது, எழுத்து சொல்லிக் குடுத்தது, கலர் சொல்லிக் குடுத்தது எல்லாம் நான்தான். மத்ததெல்லாம் கப்புன்னு புடிச்சுக்குவான், கலர் மட்டும் அவன் மண்டையில ஏறவே இல்ல. மிளகாய்ப் பழத்தையும் காயையும் எட்டி நின்னே பிரிச்சுடுவான். நான்கூட அதைத் தொட்டுத் தடவித்தான் பிரிப்பேன். ஆனா வளையலைக் காட்டினா அத்தனையும் தப்பு.

அவனுக்கு ரயில் எஞ்சின் பைத்தியம். கோட்டை ஸ்டேஷன்ல வண்டி வந்துச்சுன்னா சோத்துத் தட்டை வச்சிட்டு ஓடிடுவான். பொன்மலை ஷெட்டுல ஆள் எடுத்தாங்க. மொதல்ல எஞ்சின் துடைக்கணும், அப்புறம் கரி தள்ளலாம், அல்லாஹ் நாடினா ஒருநாள் டிரைவர். ஓட்டம், கணக்கு, எழுத்து எல்லாத்துலயும் தேறிட்டான். பாக்கி இருந்தது கண் பரீட்சை ஒண்ணுதான். ரயில்வே டாக்டர் கலர் நூலைக் காட்டிப் பாப்பாராம். அதுல தோத்தா அவ்வளவுதான், அடுத்த வருஷம் அவனுக்கு வயசு தாண்டிடும்.

"அண்ணே, எனக்குத்தான் கலரே தெரியாதேண்ணே"ன்னு அழுதான்.

பத்து நாள் கடையில உக்கார வச்சுப் பழக்கினேன். ஒரு வளையலைத் தூக்கிக் காட்டி "இது என்ன"ம்பேன். "சிவப்புண்ணே." மண்டையில ஒரு குட்டு. "பச்சைடா!" "சரிண்ணே, பச்சை." அடுத்ததைக் காட்டுவேன். "இது பச்சைண்ணே." இன்னொரு குட்டு. "மர மண்டை, சிவப்புடா!" பத்தாம் நாள் அவன் மண்டை வீங்கினதுதான் மிச்சம்.

கடைசியில ஒரு யோசனை பண்ணினேன். பரீட்சை ரூம் ஜன்னலுக்கு வெளியில நான் நின்னுக்கணும். அவன் சரியான நூல்ல கை வச்சா ஒரு தடவை இருமுவேன், தப்பான நூல்ல வச்சா ரெண்டு தடவை. அவனுக்கு மனசே இல்ல. "எஞ்சின் வேணுமா, வேணாமா"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு சரின்னான்.

பரீட்சை அன்னிக்கு இருந்த டாக்டர் பேரு சுடலைமுத்து. மேஜை மேல கம்பளி நூல் சின்னச் சின்னச் சிட்டமா முறுக்கி, கலர் கலராக் குவிஞ்சு கிடந்துச்சு. அதுலேர்ந்து வெளிர் பச்சையா ஒண்ணை எடுத்து ஜமால் கையில குடுத்தாரு.

"இந்த நிறத்துல இன்னும் என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்து வை. பேரெல்லாம் சொல்ல வேணாம்."

ஜமால் ஒரு சிட்டத்துல கை வச்சான். அய்யய்யோ, அது இல்லடா! ரெண்டு தடவை இருமினேன். கையை எடுத்துட்டான். இன்னொண்ணு. மறுபடி ரெண்டு. அப்புறம் அவன் கை சும்மா மேய்ஞ்சுக்கிட்டே போய் அசல் ஜோடி மேல பட்டுச்சு. ஒரு இருமல். ஜமால் அந்த நூலைப் பாத்தான், கையில இருந்த நூலைப் பாத்தான், ஜன்னலைப் பாத்தான். ஆமாடான்னு தலையை ஆட்டினேன். எடுத்து வச்சான். அப்புறம் மளமளன்னு போச்சு. எட்டு சிட்டம் சேந்துச்சு. எனக்குப் பெருமையில கண்ணு கலங்கிடுச்சு.

டாக்டர் எந்திரிச்சாரு. "யாரது வெளியில? இப்படி இருமறவனை உள்ள கூட்டிட்டு வாங்க. காசநோயா இருக்கப்போவுது."

கம்பவுண்டர் வந்து என்னை இழுத்துக்கிட்டுப் போனாரு. சட்டையைக் கழட்டச் சொல்லி, நெஞ்சுலயும் முதுகுலயும் குழாயை வச்சுப் பாத்தாரு டாக்டர். "மூச்சு மாடு மாதிரி இருக்கே. அப்புறம் ஏன்யா ஒண்ணும் ரெண்டுமா கணக்கு வச்சு இருமறே?"

ஜமாலுக்குப் பொய் வராது. மடமடன்னு எல்லாத்தையும் சொல்லிட்டான்.

டாக்டர் அந்த எட்டு சிட்டத்தையும் கையில எடுத்தாரு. "இதெல்லாம் பச்சைன்னு இருமினது நீங்கதானா?"

"நான்தாங்க. பதினேழு வருஷமா வளையல் விக்கிறேன்."

அவர் எல்லா நூலையும் கலைச்சு என் முன்னால தள்ளினாரு. நான் விறுவிறுன்னு எடுத்து அடுக்கினேன். டாக்டர் கம்பவுண்டரைக் கூப்பிட்டாரு. கம்பவுண்டர் நர்ஸம்மாவைக் கூப்பிட்டாரு. எல்லாரும் வாயில கை வச்சு நின்னாங்க. கைத்திறமையைப் பாக்க வந்திருக்காங்கன்னு இன்னும் வேகமா அடுக்கினேன்.

"பாய், நீங்க எடுத்து வச்சதுல ரோஸ் இருக்கு, சாம்பல் இருக்கு, காவி இருக்கு. ஒரு பச்சைகூட இல்ல. பச்சையும் சிவப்பும் உங்களுக்குப் பிரிஞ்சு தெரியாது. பிறவியிலேர்ந்தே அப்படித்தான்"னாரு டாக்டர்.

"யாருக்குத் தெரியாது? எனக்கா?"ன்னு எகிறினேன். நர்ஸம்மா முகத்தைப் பாத்தேன், கம்பவுண்டர் முகத்தைப் பாத்தேன். பதினோரு பொம்பளைங்க முகமும் வரிசையா வந்து நின்னுச்சு. அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

"அது போவட்டும். ஆள் வச்சு ஏமாத்தினவனை எஞ்சின்ல ஏத்த முடியாது. ஃபெயில்"னு டாக்டர் பேனாவை எடுத்தாரு. ஜமால் முகம் செத்துப்போச்சு. நான் பாய்ஞ்சு அவர் கையைப் புடிச்சுக்கிட்டேன்.

"வேணாங்க! தில்லுமுல்லு பண்ணினது நான். போலீசுல புடிச்சுக் குடுக்கறதுன்னா என்னைக் குடுங்க. அவன் பச்சைப் புள்ளைங்க, நான் சொன்னதைக் கேட்டது ஒண்ணுதான் அவன் பண்ணின குத்தம்."

டாக்டர் கையை விடுவிச்சுக்கிட்டு பேனாவைக் கீழ வச்சாரு. "துண்டை வாயில திணிச்சுக்கிட்டு அந்த மூலையில சுவரைப் பாத்து நில்லுங்க. மூச்சு சத்தம்கூட வரக்கூடாது."

நின்னேன். முதுகுக்குப் பின்னால ஜமால் குரல் கேட்டுச்சு.

"சார், அண்ணன் சொல்ற மாதிரி எடுக்கவா, எனக்குத் தெரியற மாதிரி எடுக்கவா?"

"உனக்குத் தெரியற மாதிரி எடுப்பா."

துண்டைக் கடிச்சுக்கிட்டு, எனக்குத் தெரிஞ்ச துவா அத்தனையும் மனசுக்குள்ள ஓதினேன். "சரி. இப்ப இது மாதிரி எடு"ன்னாரு டாக்டர். நான் துண்டை இன்னும் கெட்டியாக் கடிச்சேன். "இதுவும் சரி. ஒண்ணுகூடத் தப்பு இல்ல. வர்ற திங்கக்கிழமை ஷெட்டுக்குப் போ."

ரெண்டு பேரும் நடந்தே வீட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழி வந்ததும் கேட்டேன்.

"ஏண்டா, சின்ன வயசுலேர்ந்தே உனக்குச் சரியாத்தான் தெரிஞ்சுதா?"

"ஆமாண்ணே."

"மண்டையில குட்டினப்ப சொல்றதுக்கென்னடா?"

"நீங்க தப்பா சொல்வீங்கன்னு எனக்குத் தோணவே இல்லண்ணே. என் கண்ணுதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டேன்."

நடுரோடுன்னும் பாக்காம அழுதேன். அவன் வீங்கின மண்டையைத் தடவிக் குடுத்தேன். "விடுங்கண்ணே, ஜனங்க பாக்கறாங்க"ன்னு அவனும் அழுதான்.

ரயில்வே கேட்டுகிட்ட வந்தோம். கேட்டை இன்னும் மூடல. கேட்கீப்பர் எங்களைப் பாத்து ஒரு கொடியைப் புடிச்சுக்கிட்டு நின்னான். பச்சைதான், வாடா போலாம்னு வாயைத் தொறந்தவன், பட்டுன்னு மூடிக்கிட்டேன்.

"ஜமாலு, அது என்ன கலருடா?"

"சிவப்புண்ணே. நில்லுங்க."

நின்னேன்.