கலண்டரில் போட்ட வட்டங்கள்

"இன்னொருக்கா மைதானத்திலை பிள்ளைக்கு வலிப்பு வந்தா என்ரை தலைதான் உருளும், அக்கா. டொக்டரின்ரை கடிதம் இல்லாமல் மாகாணப் போட்டிக்குத் தேனுகாவைச் சேர்க்கமாட்டன்."

விளையாட்டு ஆசிரியர் சதீஸ் எங்கள் வாசல் படலையடியில் நின்று இதைச் சொன்னார். மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்கக்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒட்டுசுட்டானில் என் மகளைப்போலக் குண்டு எறிய வேறு யார் இருக்கிறார்கள்? பதினேழு வயதுப் பிள்ளை, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. போட்டிக்கு மூன்று மாதம் இருந்தது.

கிளினிக்கில் தந்த குளிசையை ஒழுங்காகக் குடித்தும் அவளுக்கு வலிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஊர்வாய் சும்மா இருக்குமா? "இது காத்துக்கறுப்புத்தான்" என்றாள் பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி. நான் ஏசிய ஏச்சில் ஒரு கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

குண்டு எறிகிறவளுக்குத் தெம்பு வேண்டுமே என்று மூன்று நேரமும் சோயா மீற் கறி வைத்தேன். மாதாமாதம் வரும் துடக்கு நாட்களில் அதற்கு மேலால் உளுத்தங்களி, நல்லெண்ணெய் வழிய வழிய. என் அம்மா எனக்குத் தந்ததை நான் அவளுக்குத் தந்தேன்.

கடிதம் கேட்டுக் கிளினிக்குக்குப் போனோம். புதிதாக வந்திருந்த டொக்டர் இஷ்ரா, வவுனியாப் பிள்ளை, கிளினிக் கொப்பியில் இருந்த வலிப்புத் திகதிகளைப் பார்த்துவிட்டு, "பீரியட்ஸ் எந்தெந்த நாள் வந்தது?" என்று கேட்டார். வாசலில் ஆம்பிளைகள் வரிசையாக நிற்கிறார்கள்! என் முகம் எரிந்தது. அதுவரை எந்த டொக்டருக்கும் நாங்கள் அதைச் சொன்னதில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை.

தேனுகாதான் வாய் திறந்தாள். "அம்மா சாமியறைக் கலண்டரிலை வட்டம் போட்டு வைச்சிருக்கிறா, டொக்டர்."

ஓம், போட்டிருந்தேன். அந்த நாட்களில் அவள் விளக்கேற்றிவிடக் கூடாதே என்றுதான்.

மறுநாள் கலண்டரைக் கழற்றிக்கொண்டு போனோம். டொக்டர் அதையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த வருடம் வந்த ஒன்பது வலிப்பில் ஏழு, என் வட்டங்களை ஒட்டியே வந்திருந்தன.

"பொம்பிளையளின்ரை உடம்பிலை ஈஸ்ட்ரோஜன் எண்டு ஒரு ஓமோன் இருக்கு. அது மூளையைக் கொஞ்சம் கிளப்பிவிடும். அதை அடக்கிற இன்னொரு ஓமோன் பீரியட்ஸ் கிட்டவாகக் குறைஞ்சுபோகும். சிலபேருக்கு அப்பதான் வலிப்பு வாறது" என்றார்.

"நான் குடுத்த சாப்பாடு?"

"சோயாவிலையும் எள்ளிலையும் ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஒண்டு இருக்குத்தான். அது வலிப்பைக் கூட்டுமோ குறைக்குமோ எண்டு இன்னும் வடிவாத் தெரியாது. கூடுதலா எலியளிலைதான் பாத்திருக்கினம். அடியோட நிப்பாட்ட வேண்டாம், மூண்டு நேரமும் வேண்டாம்."

என் கையாலேயே ஊட்டினேனே என்று அழுகை வந்துவிட்டது. "அழாதேங்கோ அம்மா. நீங்கள் வட்டம் போடாட்டி நான் கண்டுபிடிச்சிருக்கமாட்டன்" என்று அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்தது.

வழக்கமான குளிசையோடு, வட்டத்துக்கு இரண்டு நாள் முந்தித் தொடங்கி அந்த நாட்களுக்கு மட்டும் இன்னொரு குளிசை எழுதித் தந்தார். சோயாவைக் குறைத்து மீனும் முட்டையும் கொடுத்தேன். இரண்டு மாதம் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. கடிதமும் கிடைத்தது.

போட்டியன்று காலை பஸ்ஸில் தேனுகா என் காதுக்குள் சொன்னாள். "அம்மா, பீரியட்ஸ் விடியத்தான் வந்தது."

நான் சீற்றைவிட்டு அரைவாசி எழும்பிவிட்டேன். "திரும்புவமோ?"

"குளிசை ரெண்டு நாளாக் குடிக்கிறன்தானே. நான் எறியப்போறன்."

சதீஸ் சேருக்கு ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. மைதானத்தில் நான்கு ஆம்பிளைகளுக்கு நடுவில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "சேர், இண்டைக்குத்தான் பிள்ளைக்குப் பீரியட்ஸ். டொக்டர் சொன்ன குளிசை குடிச்சிருக்கிறாள். வலிப்பு வந்தா என்ன செய்யவேணுமெண்டு எனக்குத் தெரியும். பக்கத்திலை நிப்பன். அவள் எறிவாள்!"

மனுசனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. மற்ற நால்வரும் வானத்தைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

"சரி அக்கா, நானும் பக்கத்திலை நிக்கிறன்" என்றார் சதீஸ் சேர்.

முதல் எறி கோட்டை மிதித்து வீணாயிற்று. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது, கடைசி எறிக்கு அவள் குண்டைக் கழுத்தோடு அணைத்தபோது கண்ணை மூடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கத்துக் கத்தி எறிந்தாள். பத்து மீற்றர் எண்பத்தாறு. முதலிடம்!

"ஐயோ, என்ரை ராசாத்தி!" என்று நான் போட்ட சத்தத்துக்கு மைதானமே திரும்பிப் பார்த்தது. அவள் இரண்டு காலையும் ஊன்றி நின்று சிரித்தாள். அன்றைக்கு நிலத்தில் விழுந்தது குண்டு மட்டும்தான்.