முழுப் பெயர்

டெல்ஃபீன் சொல்வதை அந்த ஊரில் யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. போதகர் வேலையை உதறிவிட்டு மீன் பிடிக்கப் போகிறாராம் என்று தேவாலயத்து வாசலில் நின்றுகொண்டு, சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் சொல்லிவிட்டுப் போவாள். சாயங்காலத்துக்குள் போதகரையே நாலு பேர் விசாரித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊசி போடும்போதும் அவள் வாய் சும்மா இருந்ததில்லை.

ஆர்லிஸுக்கு மட்டும் அவளிடம் ஒரு தனிச் சலுகை இருந்தது. இருவரும் வடக்கு டகோட்டாவின் அந்தச் சின்ன ஊரிலேயே பிறந்து, ஒரே பள்ளிப் பேருந்தில் போய்வந்து, அடுத்தடுத்த தெருவில் குடித்தனம் நடத்தித் தலை நரைத்தவர்கள். கேலி பேசும்போதெல்லாம் டெல்ஃபீன் அவளை ‘ஆர்லி’ என்பாள். மெய்யாகவே ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை முழுசாகச் சொல்வாள்: ஆர்லிஸ் மரியான். அபூர்வமாகத்தான் அது நடக்கும். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, கோதுமை அறுவடை முடியட்டும் என்று ஆர்லிஸ் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது, டெல்ஃபீன் சமையலறையில் வந்து நின்று அந்தப் பெயரைச் சொன்னாள். ஆர்லிஸ் உடனே டாக்டரிடம் போனாள். போனதால் பிழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையும் சாப்பாடும் முடிந்த பிறகு முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தில் போக்கர் சீட்டாட்டம் நடக்கும். குளிர்காலப் போட்டியில் ஜெயிப்பவர் மன்றத்தின் சார்பில் மாநிலத் தலைநகர் பிஸ்மார்க்கில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம்; ஓட்டல் அறை மன்றத்தின் செலவு. தோழிகள் இருவரும் ஆட ஆரம்பித்த காலத்திலேயே ஒன்றை முடிவு செய்திருந்தார்கள். ஒருத்திக்கு மற்றவள் விட்டுக்கொடுக்கக் கூடாது. விட்டுக்கொடுப்பது எதிரே இருப்பவளைக் குழந்தையாக்குவது என்று சொன்னதே ஆர்லிஸ்தான். அதனால் டெல்ஃபீன் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு பெரிய பந்தயம் கட்டி மிரட்டித் தன்னைத் தோற்கடித்த நாட்களில் அவள் வாய்விட்டுத் திட்டியிருக்கிறாளே தவிர, மனத்தாங்கல் வந்ததில்லை.

அந்த வருஷம் கடைசியாக மிஞ்சியது அவர்கள் இருவர்தான். மற்றவர்கள் காப்பிக் கோப்பைகளோடு சுற்றி நின்று பார்த்தார்கள். மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் கோர்டன் சீட்டுப் போட்டான். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த ஐந்து சீட்டுகளில் இரண்டு ராஜா, ஒன்று ஒன்பது. ஆர்லிஸின் கையில் இன்னும் இரண்டு ஒன்பது. மூன்று ஒன்பதும் இரண்டு ராஜாவும் சேர்ந்த அந்தக் கை லேசில் தோற்கிற கை அல்ல. அவள் தாராளமாகவே பந்தயம் வைத்தாள். டெல்ஃபீன் தன்னிடமிருந்த பந்தய வில்லைகளையெல்லாம் ஒரே தள்ளாக நடுவில் தள்ளினாள். அவளிடம்தான் அதிகம் இருந்தது. தன்னிடம் இருப்பதையும் வைத்து ஆடித் தோற்றால் ஆர்லிஸுக்குப் போட்டி அதோடு முடிந்தது.

ஆர்லிஸ் ஆடிப் பார்க்கத்தான் இருந்தாள். வில்லைகள்மேல் கையும் வைத்துவிட்டாள்.

“ஆர்லிஸ் மரியான்,” என்றாள் டெல்ஃபீன், குரலைத் தாழ்த்தி. “கவிழ்த்துடு. மிச்ச ரெண்டு ராஜாவும் என் கையில இருக்கு.”

ஆர்லிஸ் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெயருக்குப் பிறகு பார்க்க என்ன இருக்கிறது? சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்திலிருந்து விலகினாள். டெல்ஃபீன் தன் சீட்டுகளைத் திருப்பிப் போட்டாள்: ஒரு ஜாக்கி, ஒரு ஆறு. ஒன்றுக்கும் உதவாத கை. மன்றமே சிரித்தது. கோர்டன் மேசையைத் தட்டினான். ஆர்லிஸும் சிரித்து வைத்தாள். மிச்சமிருந்த கொஞ்ச வில்லைகளும் அடுத்த இரண்டொரு ஆட்டத்தில் போய்விட்டன.

வெளியே டெல்ஃபீன் தன் வண்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? விட்டுக்கொடுக்காதன்னு சொன்னவ நீதான?”

“சீட்டப் பத்தி எவ்வளவு வேணா புளுகு. அந்தப் பேர ஏன்டி எடுத்த?”

டெல்ஃபீன் சுரண்டுவதை நிறுத்தாமலே சொன்னாள். “வேற எதச் சொல்லியிருந்தாலும் நீ நம்பியிருக்க மாட்ட.”

அதில் குறும்பும் இல்லை, வெட்கமும் இல்லை. கடைக்கு வழி சொல்வதுபோல் சொன்னாள்.

மறுநாள் மதியம் ஆர்லிஸ் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்குப் புருஷன் லேலண்டின் ஞாபகம் வந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது அவள் பக்கத்தில் இல்லை. ஃபார்கோ நகரத்தில் மகள் வீட்டிலிருந்து பனிப்புயலில் வண்டியை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று அங்கே நர்ஸ் வேலையில் இருந்த டெல்ஃபீன் நடையிலேயே அவள் தோள்களைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்: ஆர்லிஸ் மரியான், அவருக்கு வலியே இல்ல. கடைசியா உன் பேரத்தான் சொன்னார். இத்தனை வருஷமும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆர்லிஸ் அந்த வீட்டில் தனியாகப் படுத்து எழுந்தாள். அடக்க ஆராதனையில் மகள் அதை எல்லோர் முன்னாலும் சொல்லி அழுதாள். டெல்ஃபீன் இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கத்தியைப் போட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ஆர்லிஸ் அடுத்த தெருவில் டெல்ஃபீன் வீட்டுக்கு நடந்தாள்.

“லேலண்ட் என் பேரச் சொன்னாரா?”

ஆர்லிஸ் டெல்ஃபீனின் கண்களை, விரல்களை, தொண்டை அசைவதைக் கவனித்தாள். சீட்டு மேசையில் எதிராளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மருந்து மயக்கத்துல தூங்கிட்டிருந்தார், ஆர்லி. வலி இல்லங்கறது நிஜம். பேசவெல்லாம் இல்ல.”

“முழுப் பேரச் சொல்லிச் சொன்னியே.”

“நீ நம்பணும்னுதான் சொன்னேன். அப்படியே நனைஞ்சுபோய் வந்து நிக்கற. வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?”

ஆர்லிஸ் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அந்தப் பெயர் உண்மைக்கென்று ஒதுக்கி வைத்தது என்று ஆயுசு முழுக்க நினைத்திருந்தாள். நம்ப வைக்க வேண்டிய இடத்தில் எடுக்கிற சாமான் அது, அவ்வளவுதான். கட்டி விஷயத்தில் அது உண்மையாக இருந்ததும் தன்னுடைய அதிர்ஷ்டம்தான்.

டெல்ஃபீன் பிஸ்மார்க் போய் முதல் நாளே தோற்றுத் திரும்பினாள். வந்த மறுநாள் ஒரு பை நிறையக் கேக்கோடு ஆர்லிஸ் வீட்டுக்கு வந்து, கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். அந்த வீட்டுக் கதவை அவள் அதற்கு முன் தட்டியதே இல்லை. ஆர்லிஸ் உட்காரச் சொல்லிக் காப்பி ஊற்றினாள்.

“எதுக்குடி கோபம்?” என்று கேட்டாள் டெல்ஃபீன். “சீட்டுக்கா, லேலண்டுக்கா?”

“லேலண்டுக்காக நீ சொன்னது புரியுது. உன் இடத்துல நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனா அதே பேர ஒரு ஓட்டல் ரூமுக்காக எடுத்து வீசின பாரு. அந்த ஆட்டம் இல்லன்னா சாகற வரைக்கும் அத நம்பிட்டு இருந்திருப்பேன்.”

டெல்ஃபீன் வாயைத் திறந்தாள். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வந்தவளாகத் தெரிந்தது. எந்தப் பெயரைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தாள். கடைசியில் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

ஆர்லிஸ் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளாவது அப்பாவின் கடைசி வார்த்தையென்று அதை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். தோழிகள் இன்றும் ஒரே வண்டியில்தான் தேவாலயத்துக்குப் போகிறார்கள், டெல்ஃபீனின் மருமகளைப் பற்றியும் கோதுமை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு. காலையில் டெல்ஃபீன் போன் செய்து, ரோடெல்லாம் வழுக்குது, பூட்ஸைப் போட்டுக்கிட்டு வா என்பாள். சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டு, ஆர்லிஸ் ஜன்னல் திரையை விலக்கித் தெருவைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.