அற்புதம்மாள் எழுதிய பரீட்சை

பிளஸ் டூ என்ற படிப்பே வந்த புதிது. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜியோடு நாலாவது பாடமாகக் கணக்கா சைக்காலஜியா என்று கேட்டபோது செல்வமேரி யோசிக்கவே இல்லை. டாக்டராகப் போகிறவளுக்கு மனிதர் மனசு தெரிய வேண்டாமா? சைக்காலஜி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பாலக்கரையில் இருந்த வீட்டுக்கு வந்தாள். கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்த அவள் அப்பா இருதயநாதன் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. "கணக்கை விட்டா இன்ஜினியரிங்கும் போச்சு. டாக்டர் சீட்டும் கிடைக்கலைன்னா மனசுக்கு ஊசி போடப் போறியா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை என்பது போகப்போக அவளுக்கே விளங்கிவிட்டது, அதுதான் எரிச்சல். பாடப்புத்தகம் வரவே தீபாவளி ஆயிற்று. டீச்சர் மூன்று தடவை மாறினார். மெடிக்கல் சீட்டுக்குப் பார்க்கிற மார்க்கில் இந்தப் பாடம் சேராது என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆனால் இதில் ஃபெயிலானால் பிளஸ் டூவே ஃபெயில். உதவி என்று ஒன்றும் கிடையாது, காலை வாரிவிட மட்டும் தயாராக இருந்தது அந்தப் பாடம்.

செய்முறைத் தேர்வுக்குத் தவளையும் அமிலமும் ஸ்கூலிலேயே கொடுப்பார்கள். சைக்காலஜிக்கு மட்டும் சோதிக்க ஓர் ஆளை நாமே கூட்டிப்போக வேண்டும். அந்த ஆளுக்குச் சோதனை என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது. ஸ்ரீரங்கத்துத் தோழி ரங்கநாயகி வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் வந்து கையைப் பிசைந்தாள். "நாளைக்குத் தெப்பம்டி. எங்காத்துல ஏகப்பட்ட பேர் வந்திருக்கா. அம்மா விடமாட்டேங்கறா."

வேறு வழியில்லாமல் செல்வமேரி தன் அம்மா அற்புதம்மாளைக் கேட்டாள். "நீ ஒண்ணும் பண்ண வேணாம்மா. அட்டையில காட்டுற வார்த்தையைப் பாத்துத் திருப்பிச் சொன்னா போதும்." இதைச் சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போனதுதான் அவள் செய்த தப்பு.

மறுநாள் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், அற்புதம்மாளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு அட்டைகள், ஒவ்வொன்றிலும் அர்த்தமில்லாத ஒரு சொல். ழிப், தௌக், மெஞ் என்று வாயில் நுழையாத சங்கதிகள். எல்லாவற்றையும் காட்டி, எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டு, மறுபடி காட்டி, மறுபடி கேட்டு, நினைவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைக் கோடாக வரைய வேண்டும். அந்தக் கோட்டுக்குத்தான் மார்க்.

செல்வமேரி மூன்றாவது அட்டையை எடுப்பதற்குள், அற்புதம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொல்லும் வேகத்தில் மீதி பத்தையும் வரிசை பிசகாமல் ஒப்பித்துவிட்டாள்.

செல்வமேரிக்கு உடனே விளங்கிவிட்டது. ஸ்கூலில் இருந்தது ஒரே ஒரு அட்டைக்கட்டு. அதே சொற்கள் டியூஷனுக்குப் போனபோது அவள் வீட்டில் வைத்துவிட்டுப் போன ரெக்கார்டு நோட்டிலும் இருந்தன.

"நோட்டைப் பாத்தீங்களாம்மா?" என்றார் தேர்வாளர்.

"பாத்தேங்க. புள்ளைக்கு மார்க்கு குறையக் கூடாதுல்லங்க" என்றாள் அம்மா பெருமையாக.

ஏறுவதற்கே இடமில்லாத கோட்டுக்கு எப்படி மார்க் போடுவது என்று தேர்வாளர் அலுத்துக்கொண்டார். பிறகு ஒரு தாளில் பன்னிரண்டு புதுச் சொற்களை எழுதி நீட்டினார். "இவங்களையே வெச்சு இன்னொரு தரம் பண்ணு. இதுவும் வரலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

புதுச் சொற்களைக் கண்டதும் அம்மாவின் முகம் வெளுத்தது. முதல் தடவை ஒன்று. அடுத்த தடவை மூன்று. "இது அந்த நோட்டுல இல்லீங்களே" என்று முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். ஐந்தாம் தடவை ஏழு. எட்டாம் தடவை பத்து. கடைசி இரண்டு வரவே இல்லை. கண்ணில் நீர்தான் வந்தது. அம்மா திணறத் திணறச் செல்வமேரியின் கோடு அழகாக ஏறியது. எல்லாம் சட்டென்று ஞாபகம் வந்துவிடக் கூடாதே மாதாவே என்று அவள் வேண்டிக்கொண்டாள். பெற்றவள் எதிரே அழும்போது இப்படி வேண்டிக்கொள்வது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"புத்தகத்துல போட்ட மாதிரி வந்திருக்கு" என்றார் தேர்வாளர். ஐம்பதுக்கு நாற்பத்தாறு.

வெளியே வந்து எவ்வளவோ சொல்லியும் அம்மா நம்பவில்லை. தப்பாகச் சொன்னால் மார்க் கிடைக்கும் பரீட்சை உலகத்தில் உண்டா? மகள் தன்னைத் தேற்றுகிறாள் என்றே நினைத்துக்கொண்டாள்.

மெடிக்கல் லிஸ்டில் செல்வமேரியின் பெயர் இல்லை. பிசிக்ஸில் கோட்டைவிட்டது அவளுக்குத் தெரியும். சைக்காலஜியில் ஸ்கூலிலேயே அவள்தான் முதல். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருதயநாதன் மொத்த மார்க்கைக் கேட்டுக்கொண்டதோடு சரி, பாடவாரியாகப் பார்த்ததில்லை. அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "அன்னைக்கே சொன்னேன், கணக்கை எடுன்னு" என்று ஆரம்பித்தார்.

அற்புதம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. கெடுத்தது நான்தான். ரெண்டு வார்த்தை எனக்கு ஞாபகம் வரலை, அதுல போச்சு."

அவர் கோபம் அப்படியே அம்மா பக்கம் திரும்பியது. "உன்னை யாருடி அங்க போகச் சொன்னது?" என்று கத்தினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மார்க் ஷீட் செல்வமேரியின் கையில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அவள் அதை நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.