அவரையின் மேல் விழுந்த பழி

ஷஹாத்தாவுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் கதவை எட்டிப் பார்த்தான். உள்ளே ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவி இன்ஷிராஹ் படுத்திருந்தாள். முகம் வெளிறிக் கண் மஞ்சளாகிவிட்டது. ரத்தம் கரைந்துகொண்டே போகிறது என்றார்கள்.

"ஊருக்குத்தான் உன் அவரைய அவிச்சுப் போடுற, சரி. என் மகளுக்கும் ஊட்டி இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டியே," என்று மாமியார் பஹியா விட்டபாடில்லை.

ஃபூல் அவரை சிலருக்கு ரத்தத்தைக் கரைத்துவிடும் என்பது அலெக்சாந்திரியாவில் யாருக்குத்தான் தெரியாது? அவன் பிழைப்போ தள்ளுவண்டியில் அதை விற்பது. தினமும் அண்டாவிலிருந்து எடுக்கும் முதல் கிண்ணம் இன்ஷிராஹுக்குத்தான். மனசு கேட்காமல் வண்டியையே பூட்டிப் போட்டுவிட்டான், வீட்டுக்குள் ஓர் அவரைகூட நுழையவில்லை. அப்படியும் மஞ்சள் ஏறியதே ஒழிய இறங்கவில்லை. பாவி மனிதன், வேறு எங்கே போய்த் தேடுவான்?

டாக்டர் ரீஹாம் வெளியே வந்தாள்.

"டெஸ்ட் பண்ணிட்டோம், ஃபூல் காரணமில்ல. வேற என்ன சாப்பிடுறாங்க?"

"பிரஷர் மாத்திரை மட்டும்தான் டாக்டர். அதுல ஒரு வேளை தவறினதில்ல. அவ மறந்துடுவா, நானே உள்ளங்கையில வச்சுக் கொடுப்பேன்." சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அங்கிப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். "கர்ப்பிணிகளுக்கு நாங்களே எழுதித் தர்றதுதான். ரொம்ப அபூர்வமா சிலருக்கு, இதனால உடம்பே தன் ரத்த அணுவ அழிச்சிடும். இப்பவே நிறுத்தணும். பிரஷருக்கு வேற தர்றேன்."

"பிழைச்சுக்குவாளா?"

"பிழைச்சுக்குவாங்க. குழந்தையும் நல்லாருக்கு. இன்னும் கொஞ்ச நாள் கொடுத்திருந்தீங்கன்னா சொல்ல முடியாது."

அவன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். பஹியா திட்ட வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

அந்தி சாய்ந்து மஃரிபு பாங்கு சொன்னதும், மாத்திரை வேளை என்று உள்ளே இன்ஷிராஹ் கட்டிலருகே இருந்த அவனிடம் வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினாள். அவன் கை வெறும் பைக்குள் போய் நின்றது.

"மாத்திரை எங்க?"

தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான்.

"அப்ப வண்டிய எதுக்குப் பூட்டின? நாளைக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஒரு கிண்ணம் ஃபூல் கொண்டு வா."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அதிலே முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் அழுதான்.