நடுச்சுவரில் ஒரு பேயூர்

தணிகைவேல் ஜோலார்பேட்டையில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்தவர். பச்சைக்கொடி ஆட்டி ஆட்டி அவருடைய வலது கை இடது கையைவிட ஒரு சாண் நீண்டுபோயிருந்தது. ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து வேலூருக்கும் ஏலகிரிக்கும் நடுவே எந்தப் பழைய கட்டடமும் நிம்மதியாக இடிந்து விழ முடியவில்லை. கடைசித் தூண் சாய்கிற நேரம் பார்த்து எதிரே போய் நின்று, "கொஞ்சம் இருப்பா, வெயில் எறங்கட்டும்" என்பார். தூணும் இருக்கும்.

படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்துக்குக் கீழே எழுதுகிற வாசகங்களில்தான் வில்லங்கம். ஏலகிரியில் பாழடைந்த பங்களா ஒன்றின் படிக்கட்டில் புலி படுத்திருக்கிறது என்று ஒருமுறை எழுதிவிட்டார். மற்றவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். புலியின் கழுத்தில் நீல பெல்ட் இருந்தது.

மற்றவர்கள் என்றால், வேலூரில் பழங்கட்டடங்களைப் படமெடுக்கும் ஓய்வுபெற்றோர் குழு. தலைவர் ராமமூர்த்தி, சரித்திரப் பேராசிரியராக இருந்தவர். வாயைத் திறந்து சிரித்தால் வினாத்தாள் வெளியே கசிந்துவிடும் என்பதுபோல் எப்போதும் உதட்டை இறுக்கியே வைத்திருப்பார். வருஷத்துக்கு ஒருமுறை குழு ஒரு கண்காட்சி வைக்கும். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது நடுச்சுவர். அது யாருக்கு என்பதை ராமமூர்த்திதான் முடிவு செய்வார். தணிகைவேலுவுக்கு வருஷா வருஷம் கிடைத்தது கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவர்.

"வாஷ்பேசின்கிட்ட மாட்டுறதைப் பாக்க நான் வேலூர் வரைக்கும் வரணுமா? நடுவுல மாட்டட்டும், வர்றேன்" என்று சொல்லிவிட்டார் அவர் மனைவி தாயாரம்மாள். இந்த ஒரு சொல் தணிகைவேலுவை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஊரே பார்த்துக் கைதட்டினாலும் தாயாரம்மாள் பார்க்காத படம் அவருக்குப் படமில்லை.

இப்படியிருக்கையில், தாயாரம்மாள் பெங்களூரில் மகள் ஸ்வேதா வீட்டுக்குப் போன வாரத்தில் அந்தப் பேயூர் அவரிடம் சிக்கியது.

ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றை ஒட்டி ஒரு கிளைச்சாலை. கடைசியில் வெள்ளைக்காரன் காலத்துத் தோல் கிடங்கு ஒன்று. வரிசையாகச் செங்கல் வளைவுகள், மரத்தாலான மாடி வராந்தா, கூரை உச்சியில் காற்றின் திசை காட்டும் துருப்பிடித்த காற்றுக்கோழி. எதிரே பெட்டிக்கடைகள், எல்லாம் சாத்தியிருந்தன. நடுப்பகல் வெயிலில் ஒரு மனுஷன், ஒரு சைக்கிள், ஒரு டீ கிளாஸ் சத்தம் இல்லை. கம்பிக் கதவுக்கு உள்ளே ஒற்றைச் செருப்பு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. மதில்மேல் ஒரு பூனை, சின்னக் கன்றுக்குட்டி அளவுக்கு, அவரை முறைத்தது. சந்தோஷத்தில் தணிகைவேலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. படம் படமாகச் சுட்டுத் தள்ளினார்.

அன்று மாலையே குழுவின் வாட்ஸப்பில் படங்கள் வந்து விழுந்தன. 'பேயூர்! நாற்பது ஆண்டுகளாக மனித மூச்சுப் படாத மண்! இதோ, உயிர் தப்பி ஓடியவர் விட்டுச்சென்ற ஒற்றைச் செருப்பு! இதோ, ஊரைக் காவல் காக்கும் பேய்ப்பூனை!'

ராமமூர்த்தி போனில் கூப்பிட்டார். "படம் பிரமாதம், வேலு. நடுச்சுவருக்கு ஏத்தது. ஆனா புலிக்கதை மாதிரி ஆயிடக் கூடாது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வேன்ல வர்றோம். நீ சொன்னது நெஜம்னா சுவர் உன்னோடது. பொய்னா, குழுவுலேர்ந்து உன் பேரை எடுத்துடுவேன்."

"வாங்க சார்! தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க. அங்க காக்காகூட கெடையாது."

ஞாயிற்றுக்கிழமை வேன் கிளைச்சாலையில் திரும்பியதும் முதலில் வழிமறித்தது ஒரு கம்பெனி பஸ். அதன் பின்னால் இன்னொன்று. பெட்டிக்கடைகளில் போண்டா பொரிந்துகொண்டிருந்தது. கிடங்கின் வளைவுகளுக்குள்ளிருந்து தையல் மெஷின்கள் போட்ட சத்தத்தில் பாலாறே இரண்டடி தள்ளிப் போயிருக்கும். காற்றுக்கோழிக்குக் கீழே, படத்தில் புளியமரக் கிளை மறைத்திருந்த புத்தம்புது போர்டு: ஷூ கம்பெனி.

வேனுக்குள் எல்லா முகங்களும் தணிகைவேல் பக்கம் திரும்பின. ராமமூர்த்தி மெதுவாகக் கேட்டார். "வேலு, நீ இங்க வந்தது என்ன கிழமை?"

தணிகைவேல் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவரைக் கிழமை கேட்பது மீனிடம் பஸ் நம்பர் கேட்பது மாதிரி. கூட்ஸ் கார்டுக்கு ஏது ஞாயிறும் திங்களும்? ரெஸ்ட் என்று எந்த நாள் கொடுத்தார்களோ அதுதான் லீவு. மற்றதெல்லாம் ராத்திரி, பகல், அவ்வளவே. ஓய்வுக்குப் பிறகு தாயாரம்மாளின் சமையலறைதான் அவருக்குக் காலண்டர். சாம்பார் வாசனை வந்தால் வெள்ளி, ஆட்டுக்கறி வாசனை வந்தால் ஞாயிறு. தாயாரம்மாள் பெங்களூரில் இருந்த வாரம் முழுக்க அவர் ஆம்பூரில் ஆட்டுக்கறிப் பிரியாணியே சாப்பிட்டார். அதனால் அந்த வாரம் மொத்தமும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையாகவே கழிந்தது.

"வெள்ளிக்கிழமை" என்றார் ராமமூர்த்தி, வாட்ஸப்பில் தேதியைப் பார்த்து. "வெள்ளிக்கிழமை மத்தியானம். இந்தப் பக்கம் கம்பெனிக்கெல்லாம் அன்னிக்குத்தான் லீவு. ஜும்மா தொழுகைக்குக் கடையைக்கூட சாத்திட்டுப் போவாங்க. பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

"வெள்ளிக்கிழமை லீவுன்னு எனக்கும் தெரியும் சார். அன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னுதான் தெரியாது."

அதற்குள் கேட்டிலிருந்து மேனேஜர் ஃபிர்தௌஸ் விறுவிறுவென்று வந்தார். கையிலிருந்த போனில் அதே செருப்பு, அதே பூனை. "இதைப் போட்டது யாரு சார்? கம்பெனியை இழுத்து மூடிட்டீங்களான்னு ரெண்டு நாளா போன் மேல போன்! எங்க மாமியாரே கேக்குறாங்க. ஒரே பேஜார்!"

நீண்ட வலது கையைத் தணிகைவேல் மெல்லத் தூக்கினார்.

ஃபிர்தௌஸின் பின்னால் ஊதா கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு பெண்மணி வந்து நின்றார். தையல் பிரிவின் சூப்பர்வைசர் அமிர்தவள்ளி. போனை எட்டிப் பார்த்தவர், "ஐயையோ, இது என் செருப்பு!" என்றார்.

"உங்களுதா?"

"வியாழக்கெழம வார் அறுந்துச்சு, அங்கயே கழட்டிப் போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். உயிர் தப்பி ஓடினேனாமே! இன்னா பெரியவரே, என்னைப் பாத்தா ஓடுற ஒடம்பாவா இருக்குது?" அவர் சிரித்த சிரிப்பில் போண்டா கடைக்காரர் கரண்டியை நழுவவிட்டார். "அந்தப் பூனை பேயாம்! தெனமும் கேன்டீன்ல மீன் தலை துன்ற பேய்."

"வேலு, வேன்ல ஏறு" என்றார் ராமமூர்த்தி. "போய்ப் பேரை எடுத்துடலாம்."

தணிகைவேல் வேன் படியில் ஒரு காலை வைத்தார். நடுச்சுவர் கண்ணெதிரே தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தது, கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மாதிரி.

"எங்க சார் இட்டுனு போறீங்க?" அமிர்தவள்ளி வேன் கதவை மறித்தார். "எங்க எல்லாரையும் ஊரை வுட்டு ஓட்டினது இவரு. திரும்பக் கொண்டாந்து வெச்சிட்டுப் போகட்டும். அதே எடத்துல நின்னு எடுக்கணும்."

"ஆமா. எங்க மாமியார் பாக்கணும்" என்றார் ஃபிர்தௌஸ்.

எங்கே நின்று எடுத்தோம் என்பதில் மட்டும் தணிகைவேல் பொய் சொல்லமாட்டார். புளியமரத்தின் வேரில் ஒரு கால், மைல்கல்லில் ஒரு கால். நின்றார். மத்தியானச் சங்கு ஊதியது. வளைவுகளிலிருந்து ஊதா கோட்டுகள் வெள்ளமாகக் கொட்டின. டிபன் பாக்ஸ்கள், சிரிப்பு, மாடி வராந்தாவிலிருந்து கையாட்டல். நடுவில் அமிர்தவள்ளி புதுச் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி. மதில்மேல் அதே பூனை, அதே முறைப்பு.

ராமமூர்த்தி கேமராவை வாங்கி, வெள்ளிக்கிழமைப் படத்தையும் இந்தப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அதே வளைவுகள், அதே உச்சிவெயில், அதே காற்றுக்கோழி. ஒன்றில் ஒருவரும் இல்லை. மற்றதில் காலி இடமே இல்லை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு அதிசயம் நடந்தது. அவருடைய பல் தெரிந்தது.

"ரெண்டு படத்துலயும் பொய் இல்ல. நீ எழுதினதுலதான் இருக்கு. சுவர் தர்றேன். ஆனா ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரே ஒரு வார்த்தைதான். வெள்ளி. ஞாயிறு. அவ்வளவுதான்."

"சார், 'பயங்கர'ன்னு ஒண்ணு சேத்துக்கட்டுமா?"

"கூடாது."

"ஒரு ஆச்சரியக்குறி?"

"வேலு!"

"எப்ப சார் தொறக்கறீங்க?" என்று அமிர்தவள்ளி கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை."

"நாங்க வேலையில இருப்போமே! எங்க மூஞ்சியை நாங்க பாக்க வேணாமா?"

கண்காட்சி வெள்ளிக்கிழமைக்கு மாறியது. கம்பெனி பஸ்கள் வேலூருக்கு வந்து நின்றன. பின்னாலேயே ஃபிர்தௌஸ் பெரிய பெரிய அண்டாக்களோடு வந்தார். மாமியார் அனுப்பிய பிரியாணி. நடுச்சுவருக்கு முன்னால் நிற்க இடமில்லை. ஒரே ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருந்த தணிகைவேல், விட்டதை எல்லாம், ஏலகிரிப் புலி உட்பட, வாயால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அமிர்தவள்ளி தன் செருப்பைக் காட்டி, "இதைத் தேடி ஏலகிரியிலேர்ந்து ஒரு புலி எறங்கி வந்துச்சு, கழுத்துல நீல பெல்ட்டு" என்று அவரையே மிஞ்சிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாயாரம்மாள் வந்தார். ஒரு படத்தைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் படத்துக்குப் போனார்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றார் கடைசியில். தணிகைவேல் ஒரு சாண் உயர்ந்துவிட்டார். "ஆனா நான் ஒரு வாரம் ஊர்ல இல்லாததுக்கு இத்தனை கூத்தா? சரி, இன்னிக்காவது இன்னா கெழமைன்னு தெரியுமா?"

தணிகைவேல் மூக்கை உயர்த்தி ஒருமுறை ஆழமாக இழுத்தார். கூடம் முழுக்கப் பிரியாணி வாசனை.

"இதுகூடவா தெரியாது?" என்றார் கம்பீரமாக. "ஞாயித்துக்கிழமை!"