நானூற்றுப் பதினேழாம் டோக்கன்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக் கல்யாண மண்டபத்தில் ஏர் வைஸ் மார்ஷல் பரணிதரனுக்குப் பாராட்டு விழா. அவர் ஓய்வுபெற்று ஏழு வருஷமாகிறது. ஊர் இப்போதுதான் விழித்துக்கொண்டது. மைக்கைப் பிடித்தவன் சிரில். பிடித்தால் விடுகிற ஆளா அவன்! வாயு சேனா பதக்கம், விசிஷ்ட சேவா பதக்கம், சௌர்ய சக்ரா என்று ஒவ்வொன்றையும் ஏலம் விடுகிற மாதிரி அறிவித்தான். மண்டபமே கைதட்டியது. பரணிதரன் மட்டும் சால்வைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். வேறு யார் வாசித்திருந்தாலும் தாங்கியிருப்பார். வாசித்தவன் நோயலின் தம்பி.

"சௌர்ய சக்ரா எதுக்குன்னு கேளுங்க," என்று சிரில் பாராட்டுப் பத்திரத்தை உயர்த்தினான். "பனிச்சரிவுல நாலு பேரு பொதைஞ்சிட்டாங்க. செத்திருப்பாங்க, தேடாதீங்கன்னு மேலேர்ந்தே சொல்லிட்டாங்க. நம்ம அண்ணா கேக்கல. ஹெலிகாப்டர எடுத்துக்கினு போய்க்கினே இருந்தாரு. மூணாம் நாள் ரெண்டு பேரு உயிரோட கெடைச்சாங்க!"

வீரமாம், வீரம்! சுரங்கத்துக்குள்ளிருந்து வந்த ஒரு தட்டல் சத்தம் தூங்க விடாததால்தான் தேடினார் என்று யாருக்குத் தெரியும்?

நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அவர் சுரங்கத்தில் தற்காலிகக் கூலி. மைசூரில் விமானப்படைத் தேர்வு. நாலு நாள் லீவு கொடுத்தார்கள், ஐந்தாம் நாளுக்கு மறுத்துவிட்டார்கள். "நீ போடா, உன் டோக்கன்ல நான் எறங்கறேன்," என்றான் கூட வேலை செய்த சிநேகிதன் நோயல். அவனுக்கு அன்று வார விடுமுறை. பங்காருபேட்டைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, இறங்குகிறவர்கள் எடுத்து, ஏறியதும் திரும்ப மாட்டும் பலகையிலிருந்து பரணிதரனின் 417-ஆம் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் இறங்கினான். அன்றைக்கென்று பார்த்துப் பாறை வெடித்து அவன் இருந்த சுரங்கப்பாதை இடிந்தது.

மறுநாள் காலை தேர்வாகிவிட்ட சந்தோஷத்தோடு ரயிலிறங்கி நேரே சுரங்க வாசலுக்கு வந்தார் பரணிதரன். மற்ற எல்லாரையும் மேலே ஏற்றியிருந்தார்கள். பலகையில் ஒரே ஒரு ஆணி காலி. இரவெல்லாம் தேடியும் 417 கிடைக்கவில்லை. இடிபாட்டுக்குள் யாரோ தட்டுகிறார்கள் என்று ஓர் ஆள் அடித்துச் சொன்னான்.

"டேய், 417 நீதானே? டோக்கன் எங்கடா?" என்று கத்தினார் மேஸ்திரி.

உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம். விமானப்படை கைநழுவிப் போகும்.

"நேத்தே ஏறிட்டேன் சார். டோக்கன் தொலைஞ்சிபோச்சி."

அவ்வளவுதான். ஆள் கணக்கு நேராகிவிட்டது. தட்டல் வெறும் பாறைச் சத்தம் என்று முடிவாயிற்று. தேடினவர்கள் மேலே வந்துவிட்டார்கள். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நோயல் பம்பாய்க்கு ஓடிப்போய்விட்டான் என்று ஊர் தானாகவே பேசிக்கொண்டது. அதற்குப் பிறகு யார் எந்தப் பதக்கத்தைக் குத்தினாலும், மார்பில் அந்தப் பித்தளைதான் சில்லென்று பட்டது. என்ஜின் இரைச்சலுக்குள்ளும் அந்தத் தட்டல் கேட்டது.

பந்தி முடிந்ததும் சிரில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னாண்ணா, தேசமெல்லாம் சுத்தினீங்களே, எங்க நோயல எங்கியாவது பாத்தீங்களா? அம்மா சாவற வரைக்கும் வாசக்கதவுக்குத் தாப்பா போடல."

இதற்கு மேலும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது அவருக்கு. டோக்கனில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னார். சிரில் அடிப்பான் என்று காத்திருந்தார். அடித்திருந்தால் தேவலை.

சிரில் பாராட்டுப் பத்திரத்தை மெதுவாகப் பிரித்து, ஒரு வரியில் விரலை வைத்தான்.

"மூணாம் நாள்கூட உயிரோட இருந்தாங்கன்னு போட்டிருக்கே அண்ணா," என்றான். "எங்க அண்ணன மறுநாளே தேடறத வுட்டுட்டாங்களா?"

"ஆமா," என்றார் பரணிதரன்.