அப்பா எழுதிய பதினோரு வருஷ வெயில்

வானிலை அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. நான் ஏற்றியதை, வானிலை ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கிய எங்கள் டாக்டரம்மா திருத்துவாள். திருத்தட்டும், அதற்குத்தான் சம்பளம். ஆனால் போன திங்கட்கிழமை அவள் கை வைத்தது என் அப்பாவின் பதினோரு வருஷத்தில். வானிலை நிலையத்தில் வேலை பார்த்தபோது அப்பா தினமும் அளந்து எழுதிய வெப்பநிலை ஒவ்வொன்றிலும் புள்ளி நாலு டிகிரியைக் கழித்திருந்தாள்.

பழைய காலத்தைக் குளிராக்கினால் இந்தக் காலம் தானாகச் சூடாகத் தெரியும். இது புரிய டாக்டர் பட்டமா வேண்டும்? ரிட்டயர் ஆனவர்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு மேடம் கழிச்சீங்க?"

"பக்கத்து மூணு நிலையத்தோட ஒப்பிட்டா, இந்தப் பதினோரு வருஷம் மட்டும் சூடு தூக்கிக்கிட்டு நிக்குது. அளக்குற ஆள் மாறினதும் இறங்கிடுது."

"அந்த ஆள் எங்கப்பா. ஏன் தூக்குது?"

"தெரியல."

"தெரியாமலேயே கழிச்சுட்டீங்களா?"

"தூக்குதுங்கிறது நிச்சயம். காரணம் நிச்சயமில்ல. ரெண்டையும் அப்படியே எழுதியிருக்கேன். உங்கப்பா எண்ணை விட்டுவெச்சாலும் சூடு ஏறுறது ஏறுறதுதான். எவ்வளவுங்கிறதுதான் கொஞ்சம் மாறும்."

நழுவுகிறாள் என்று முடிவு கட்டினேன். அப்பா பொய் எழுதியவர் என்ற பெயரோடு போகக் கூடாது. ஸ்டோரில் கிடந்த பழைய தெர்மாமீட்டர் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நிலையத்தில் தெர்மாமீட்டர் வைக்கும் மரப்பெட்டியில் இருப்பதுபோலவே மார்பளவு உயரத்தில் ஆணியடித்து மாட்டினேன்.

"படிங்கப்பா."

அப்பா நல்ல உயரம். நின்றபடியே கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். "முப்பத்தொண்ணு புள்ளி நாலு."

நான் குனிந்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். முப்பத்தொன்றுதான். மேலிருந்து பார்த்தால் கோடு ஏறித் தெரிகிறது.

"ஏம்ப்பா குனியல?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா புள்ளி நாலைக் கழித்ததை அவரிடம் சொன்னேன்.

"இடுப்பு அப்பவே போச்சும்மா. மெடிக்கல் செக்கப்புல மறைச்சுத்தான் வேலைக்குச் சேந்தேன். இத்தனூண்டு வித்தியாசம், யாருக்கு என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன். அந்தம்மாகிட்ட சொல்லிடு."

மறுநாள் அலுவலகத்தில் அப்படியே சொன்னேன். டாக்டரம்மா கையில் லட்டு மாதிரி காரணம் கிடைத்துவிட்டது, இனி என்னைப் பார்த்து இளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பேனாவை மூடினாள்.

"அவர் படிக்கிறத அப்ப வேற யாராவது பாத்திருக்காங்களா?"

"இல்ல. அவரே சொல்றாரே!"

"இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தர் சொல்றத மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாதுங்க."

என் கண்முன்னே டைப் அடித்தாள்: 'காரணம், பார்த்த கோணமாக இருக்கலாம். உறுதியில்லை.'

சாயங்காலம் அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இருக்கலாமா? நானே ஒத்துக்கிட்டேன், இன்னும் என்ன வேணுமாம் அவளுக்கு? தப்பு பண்ணேன்னு சொன்னாக்கூட நம்ப மாட்டாளா?"

"மாட்டாங்கப்பா" என்றேன். கணக்கில் ஏமாற்றுகிறவளாக இருந்தால் அப்பாவின் வாக்குமூலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். அன்றைக்குத்தான் அவள் கழித்த புள்ளி நாலை நான் நம்பினேன்.